முந்தும் கை, பிந்தும் கை

கலும்பாங்
பிப்ரவரி 4

திரு. உடையப்பன் அவர்களுக்கு,

உங்கள் கைப்பேசியில் என் அழைப்பு வராதபடி அடைத்துவிட்டீர்கள். பட்டறை எண்ணுக்கு அழைத்தால் உங்களிடம் வேலை செய்யும் தனபாலன் எடுத்து, "பாஸ் வெளிய போயிருக்காருங்க" என்கிறார். பின்னாலிருந்து நீங்கள், "எப்ப வருவேன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லுடா" என்று சொல்வது எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. ஆகவே தபாலில் எழுதுகிறேன். தபால்காரரை உங்களால் அடைக்க முடியாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது மன்னிப்புக் கடிதம் இல்லை. அன்று நடந்ததை எழுதித் தரும்படி ஜனார்த்தனன் கேட்டிருக்கிறார். நம் வானம் பார்ப்போர் வட்டத்துக்கு அவர்தானே தலைவர்? நான் எழுதப்போவது இதுதான். தப்பிருந்தால் திருத்துங்கள்.

போன மாதம் புஞ்சாக் ஆலாம் திடலில் வட்டம் கூடியது. தொலைநோக்கி வழியாகச் சூரியனை ஒரு வெள்ளைப் பலகையில் விழவைத்து, பலகையின் நடுவில் ஒரு கோடு போட்டார் ஜனார்த்தனன். சூரியனின் விளிம்பு கோட்டைத் தொடும்போது நீங்களும் நானும் அவரவர் கையிலிருந்த ஸ்டாப்வாட்சை அமுக்க வேண்டும். ஒரே சூரியன், ஒரே கோடு. தோளோடு தோள் நின்றுதான் பார்த்தோம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் நீங்கள் எனக்கு முன்னால் அமுக்கினீர்கள். ஏறக்குறைய ஒரு வினாடி முன்னால். விளிம்பு வருமுன்னே அமுக்குகிறீர்கள் என்று நான் சொன்னேன். "கண்ணாடிய மாத்துங்கக்கா" என்று நீங்கள் சொன்னீர்கள். அதற்கு மேல் நான் சொன்னதை இங்கே எழுதவில்லை. நீங்கள் முக்காலியை மடக்கிக்கொண்டு, வடைத் தட்டைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டீர்கள். நான் உங்களுக்கு இரவல் கொடுத்திருந்த என் இன்னொரு ஸ்டாப்வாட்சும் உங்கள் சட்டைப் பையிலேயே போய்விட்டது. அது எனக்குத் திரும்ப வேண்டும்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். ஏப்ரல் 19 சாயங்காலம் பிறைநிலா கார்த்திகைக் கூட்டத்து நட்சத்திரம் ஒன்றை மறைக்கப் போகிறது. கிழக்கே கலும்பாங்கில் நானும் மேற்கே கோல சிலாங்கூர் மெலாவத்தி குன்றில் நீங்களும் நின்று, அது மறையும் நேரத்தைப் பிடிப்பதாக ஏற்பாடு. இரண்டு நேரத்துக்கும் உள்ள இடைவெளியை வைத்து நிலா எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடலாம். கேமரா கூடாது, இருநூறு வருஷத்துக்கு முந்தையவர்கள் போலக் கண்ணும் கையும்தான் என்று வட்டத்தில் எல்லாரும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம். கண்ணால் நேரம் பிடிக்கத் தெரிந்தவர்கள் நம் வட்டத்தில் இரண்டே பேர். அதில் ஒருவர் வரவில்லை என்றால் கணக்கே இல்லை. மூன்று வருஷமாக இந்த நாளுக்காகக் காத்திருக்கிறேன். ஆலையில் நாளெல்லாம் மற்றவர்களுக்காக எண்ணெயை அளக்கிறேன். ஒரு தடவையாவது எனக்காக நிலாவை அளக்க வேண்டும்.

அந்தக் காலத்து ஐரோப்பிய வானியலாளர்கள் கடிதத்தில்தான் சண்டை போட்டார்கள். கடிதம் போய்ச் சேர்ந்து பதில் வருவதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும். நமக்கும் அது சரிப்பட்டு வரும் என்று தோன்றுகிறது.

பிரேமளா தர்மலிங்கம்

———

அசாம் ஜாவா
பிப்ரவரி 13

உயர்திரு பிரேமளா தர்மலிங்கம் அவர்களின் சமூகத்துக்கு,

தைப்பூசத்துக்குப் பத்துமலையில் விடிய விடிய உறுமி அடித்ததில் வலது கை வீங்கிப் போய்விட்டது. அதனால்தான் தாமதம், பயந்துபோய் இல்லை. கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோணலான ஆள் என்று ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டீர்கள், ஆகவே பொருத்தமாகத்தான் இருக்கும்.

நீங்கள் எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். ஜனார்த்தனன் சார் கோப்பில் இதுவும் இருக்கட்டும். நீங்கள் சொன்னது: "நீங்க பார்க்கலை, கொட்டுறீங்க. இது ஒண்ணும் உறுமி இல்லை, சத்தம் போட்டா முடிஞ்சுதுன்னு போறதுக்கு." அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னீர்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். யார் யார் என்றும் எனக்குத் தெரியும்.

பொய் நேரம் போடுகிறேன் என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், லா. அதற்குப் பதில் சொல்லலாம். உறுமியை ஏன் இழுத்தீர்கள்? பகலில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிறேன், அது வயிற்றுக்கு. உறுமி எனக்குச் சாமி. உங்கள் அப்பா தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி, என் தாத்தா கூலிக்காரர் குடியிருந்த லயத்தில் உறுமிக்காரர். கிராணி பங்களா பக்கம் உறுமி போனால் ஜன்னல் படபடவென்று சாத்திக்கொள்ளும் என்று எங்கள் வீட்டில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அன்றைக்குத் திடலில் எனக்கு அந்த ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது. சிரிப்பு வரவில்லை.

19ஆம் தேதிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு வினாடி சமாச்சாரத்தை நான் சும்மா விடப்போவதில்லை. என் கண்ணில் தப்பில்லை, நீங்கள்தான் பிந்துகிறீர்கள். அதை நிரூபிக்கப் பட்டறையில் ஒரு மெஷின் கட்டிக்கொண்டிருக்கிறேன். பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள் சக்கரம் ஒன்று, கார் வைப்பர் மோட்டார் ஒன்று. சக்கரத்தின் ஓரத்தில் சின்ன விளக்கு, அதுதான் நட்சத்திரம். முன்னால் ஒரு கம்பி. விளக்கு சரியாகக் கம்பிக்குப் பின்னால் வரும்போது சக்கரமே ஒரு சுவிட்சைத் தட்டிவிடும். பார்க்கிற ஆள் தன் பொத்தானை அமுக்க வேண்டும். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று சின்னத் திரையில் எண் வரும். அந்தத் திரை வேலையைப் பக்கத்துக் கைப்பேசிக் கடைத் திருச்செல்வம் செய்து தருகிறார். மனுஷன் சாட்சி பொய் சொல்லும். சக்கரம் சொல்லாது.

ஸ்டாப்வாட்ச் பத்திரமாக இருக்கிறது. சக்கரம் முடியும்வரை தரமாட்டேன்.

உடையப்பன்

———

கலும்பாங்
பிப்ரவரி 21

உடையப்பன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை ஆலைக் கேண்டீனில் தனியாக உட்கார்ந்து படித்தேன். எங்கள் வீட்டில் ஜன்னல் சாத்தியது உண்மை. அப்பா சாத்துவார். நான் எழுந்து போய்த் திறந்ததில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வினாடி விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு பழைய கதை கையில் கிடைத்து என்னைத் தூக்கிவாரிப் போட்டது. 1796இல் இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வுக் கூடத்தில் கின்னபுரூக் என்று ஓர் உதவியாளர் இருந்தார். நட்சத்திரம் தொலைநோக்கிக் கம்பியைக் கடக்கும் நேரத்தைக் குறிப்பது அவர் வேலை. அவர் குறித்த நேரம் கூடத்தின் தலைவர் குறித்த நேரத்தைவிட முக்கால் வினாடிக்கும் கொஞ்சம் மேலாகப் பிந்தியே இருந்தது. தலைவர் சொல்லிப் பார்த்தார், திருந்தவில்லை. வேலையை விட்டு அனுப்பிவிட்டார். தலைவரின் கண்தான் சரி என்று யார் சொன்னது? தலைவரேதான்.

இருபது வருஷத்துக்கு அப்புறம் இந்த விஷயம் பெஸ்ஸல் என்ற ஜெர்மானியர் கண்ணில் பட்டது. பிரேமன் ஊரில் ஒரு வியாபாரக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, தானாகவே வானியல் படித்து மேலே வந்தவர். அவரைக் கைதூக்கிவிட்ட ஓல்பர்ஸ் பகலில் வைத்தியம் பார்த்தவர். ஆக, வயிற்றுக்கு ஒன்றும் சாமிக்கு ஒன்றும் செய்கிற ஆள் நீங்கள் மட்டும் இல்லை. அந்த உதவியாளர் கவனக்குறைவான ஆளாக இருந்திருப்பாரா என்று பெஸ்ஸலுக்குச் சந்தேகம். தானும் இன்னொரு வானியலாளரும் ஒரே நட்சத்திரங்களைப் பார்த்து நேரம் குறித்து ஒத்துப்பார்த்தார். இரண்டு பேருமே கைதேர்ந்தவர்கள். அப்படியும் ஒரு வினாடி வித்தியாசம் வந்தது. ஆளுக்கு ஆள் ஒரு பிழை இருக்கிறது, அது அவரவர் உடம்போடு பிறந்த மாதிரி மாறாமல் வருகிறது என்று கண்டுபிடித்தார்.

இதைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. அந்தத் தலைவர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேனோ என்று தோன்றுகிறது. ஆனாலும் நீங்கள் முந்துகிறீர்கள் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். சக்கரம் என்ன சொன்னது?

பிரேமளா

———

அசாம் ஜாவா
மார்ச் 4

பிரேமளா அவர்களுக்கு,

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் சொல்ல மனசு வராது.

சக்கரம் ஞாயிற்றுக்கிழமை சுற்றத் தொடங்கியது. தனபாலன், திருச்செல்வம், என் வீட்டுக்காரி கலாவதி, டயர் மாற்ற வந்து மாட்டிக்கொண்ட இரண்டு பேர் என்று ஒரு கூட்டமே நின்றது. "என் கண்ணைப் பாருங்கடா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். விளக்கு வந்தது, அமுக்கினேன். திரையில் எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. "என்னா இது?" என்றேன். திருச்செல்வம் தலையைச் சொறிந்துகொண்டு, "வெளக்கு கம்பிக்கு வர்றதுக்கு முந்தியே அமுக்கிட்டீங்கண்ணே" என்றார். மெஷின் கோளாறு என்று சொல்லி எல்லாவற்றையும் கழற்றி மாட்டினேன். மறுபடியும் கழித்தல். டயர் மாற்ற வந்தவரை உட்காரவைத்தேன். அவருக்குக் கூட்டல். கலாவதிக்கும் கூட்டல். சாயங்காலம்வரை அமுக்கினேன், எனக்கு மட்டும் கழித்தல்தான். கால் வினாடிக்கும் மேலே முந்துகிறேன். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, எப்போதும்.

நான் வேண்டுமென்று செய்யவில்லை என்று உங்களுக்குச் சத்தியம் செய்யலாம் என்று உட்கார்ந்திருந்தபோது கலாவதிதான் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு போடு போட்டாள். "காவடி ஆடறவரு கால் கீழ விழுந்ததுக்கு அப்புறமா நீங்க அடிப்பீங்க? கால் விழற எடத்துல ஒங்க அடி மொதல்ல போயி நிக்கும். முப்பது வருஷமா அந்தக் கை அப்படித்தானே பழகியிருக்கு?"

அவள் சொன்னது சரிதான். நான் பார்த்துவிட்டு அமுக்குகிறவன் இல்லை. வரப்போவதைப் பார்த்து அமுக்குகிறவன். விளக்கு கம்பிக்கு வரும் நேரம் என் கைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது, கை நிற்க மாட்டேன் என்கிறது. அக்கா, நீங்கள் சொன்ன வார்த்தை பாதி சரி. நான் கொட்டத்தான் செய்தேன். (அக்கா என்று கை தானாக எழுதிவிட்டது. அடிக்காமல் விடுகிறேன்.)

வெட்கமாகத்தான் இருக்கிறது. பட்டறையில் இரண்டு நாளாக என் பெயரே கழித்தல் அண்ணன்.

ஆனால் என் கழித்தல் மட்டும் அன்றைக்குத் திடலில் வந்த வித்தியாசத்தில் பாதிக்குக்கூட வரவில்லை. மீதி எங்கே? மீதி உங்களிடம்தான் இருக்க வேண்டும். சக்கரத்தை வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வடக்கே வரும் சின்னையா லோரியில் அனுப்புகிறேன். சாட்சி வைத்து உட்காருங்கள். கிரீனிச் துரை மாதிரி தனியாக உட்கார்ந்து தானே சரி என்று எழுதிவிடாதீர்கள்.

வினாடிக் கணக்கு இதோடு தீரும். உறுமிக் கணக்கு அப்படியேதான் இருக்கிறது.

உடையப்பன்

———

கலும்பாங்
மார்ச் 15

தம்பி உடையப்பனுக்கு,

சக்கரம் வந்து சேர்ந்தது. கம்பியில் ஒரு வாழைப்பூ மாட்டிக்கொண்டிருந்தது. அது உங்கள் அலங்காரமா, சின்னையா லோரியின் கைங்கரியமா தெரியவில்லை. பொரியல் செய்துவிட்டேன்.

ஆலையின் ஆய்வுக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வைத்தேன். சாட்சி, என்னோடு வேலை செய்யும் தனேஸ்வரி. எனக்கு எப்போதுமே கூட்டல். அரை வினாடிக்கும் மேலே. தனேஸ்வரி திரையைப் பார்த்துவிட்டு, "மேடம், வெளக்கு தாண்டி அந்தப் பக்கமே போயிருச்சு, இன்னும் என்னா யோசிக்கிறீங்க?" என்றாள். "நிச்சயமா வந்துதானான்னு பார்க்கிறேன்" என்றேன். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் கொதிகலன் பக்கத்திலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அவள் சிரித்து முடித்துவிட்டு என் மேசையைக் காட்டினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபத்தோரு வருஷமாக நான் செய்வது என்ன தெரியுமா? செம்பனை எண்ணெயில் எவ்வளவு புளிப்பு ஏறியிருக்கிறது என்று பார்க்கிறேன். குடுவைக்குள் காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவேன். இளஞ்சிவப்பு நிறம் எட்டிப் பார்க்கும், உடனே மறைந்துவிடும். அதை நம்பிவிடக் கூடாது. இன்னொரு சொட்டு. நிறம் வந்து அப்படியே நின்றால்தான் கையை எடுக்க வேண்டும். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் நான் சொல்லும் முதல் வார்த்தையே "அவசரப்படாதே, நிற்கட்டும்" என்பதுதான். அதே கையைக் கொண்டுபோய்ச் சூரியனுக்கு முன்னால் நீட்டினால் அது சூரியனும் நிற்கட்டும் என்று காத்திருக்கிறது!

உங்கள் கழித்தலையும் என் கூட்டலையும் சேர்த்துப் பார்த்தேன். திடலில் வந்த வித்தியாசம் கிட்டத்தட்ட அப்படியே வந்துவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்து தனேஸ்வரியைக் கட்டிக்கொண்டேன். இத்தனை வருஷ வேலையில் நான் யாரையும் கட்டிக்கொண்டதில்லை, அவள் பயந்துபோனாள். தம்பி, இரண்டு பேரும் தப்பு. இரண்டு பேரும் நாணயமான தப்பு. இதைவிடச் சந்தோஷமான தோல்வி எனக்கு வந்ததே இல்லை.

போன சனிக்கிழமை வட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். முதலில் என் பிழையைச் சொன்னேன், பிறகு உங்களுடையதை. நான் உறுமியைப் பற்றிச் சொன்னது அறியாமை, வாய்க்கொழுப்பு என்றும் சொன்னேன். அன்று சிரித்த இரண்டு பேரும் முன்வரிசையில்தான் இருந்தார்கள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. மேற்கு நிலையம் உங்களுக்காகக் காலியாக இருக்கும் என்று ஜனார்த்தனன் சொல்லச் சொன்னார். இனி நாம் திருந்தவும் வேண்டாம். நீங்கள் உங்கள் வழக்கப்படி முந்துங்கள், நான் என் வழக்கப்படி பிந்துகிறேன். கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

என்னை மன்னியுங்கள். இதை எழுதுவது சுலபமாக இருக்கிறது, அதனால்தான் போதாது என்று தெரிகிறது.

பிரேமளா அக்கா

———

அசாம் ஜாவா
மார்ச் 23

அன்புள்ள பிரேமளா அவர்களுக்கு,

வட்டத்தில் நீங்கள் எழுந்து பேசியதை ஜனார்த்தனன் சார் பட்டறைக்கே வந்து சொன்னார். வந்தவர் சும்மா போகாமல் சங்கிலியையும் மாற்றிக்கொண்டு போனார். மனசுக்கு இதமாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன்.

ஆனாலும் எனக்குள் ஒன்று இறங்கமாட்டேன் என்கிறது. நீங்கள் சத்தம் என்று சொன்ன உறுமியை ஒரு தடவையாவது முழுசாகக் கேட்டிருக்கிறீர்களா? கல்யாண ஊர்வலத்தில் காரைச் சுற்றிப் போகும்போது கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டதைச் சொல்லவில்லை. தொடக்கத்திலிருந்து, அடித்து முடிக்கும் தீர்மானம்வரை நின்று கேட்டிருக்கிறீர்களா? கேட்காமலேயே தப்பாகச் சொன்னீர்கள், இப்போது கேட்காமலேயே மன்னிப்பும் கேட்கிறீர்கள். நிறம் நிற்கும்வரை நம்பாதே என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற ஆள் நீங்கள்!

ஏப்ரல் முதல் தேதி பங்குனி உத்திரம். எங்கள் கோவிலில் சாமி புறப்பாடு, நான்தான் முதல் உறுமி. இது அழைப்பு இல்லை, தகவல்.

இன்னொரு சிக்கல். 19ஆம் தேதி சாயங்காலம் தஞ்சோங் காராங்கில் ஒரு கல்யாணத்துக்கு எங்கள் குழு வருவதாகப் போன வருஷமே வாக்குக் கொடுத்துவிட்டோம். முதல் உறுமியை விட்டுக்கொடுப்பது லேசான காரியமில்லை. சன்னாசி எனக்கு அடுத்த ஆள், நன்றாகத்தான் அடிப்பான். ஆனால் அவனிடம் கொடுக்க எனக்கு ஒரு காரணம் வேண்டும். "கொடுக்கலாமா?" என்று கலாவதியைக் கேட்டேன். "ஒங்களுக்கு நெலாவா கல்யாணமான்னு எங்கிட்ட கேக்காதீங்க, நான் ரெண்டுக்கும் புடவை கட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கே தெரியவில்லை. தெரிந்தால் எழுதுகிறேன்.

உடையப்பன்

———

கலும்பாங்
மார்ச் 28

தம்பி உடையப்பனுக்கு,

தகவலுக்கு நன்றி. பங்குனி உத்திரத்தன்று எங்கள் ஆலைக்குக் கொதிகலன் சோதனைக்கு அதிகாரிகள் வருகிறார்கள். என்னால் வர இயலாது. இதை ஒரு சாக்காக நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள் என்று தெரியும். நானே படித்துப் பார்த்தால் எனக்கும் சாக்கு மாதிரிதான் இருக்கிறது.

நீங்கள் வராவிட்டாலும் 19ஆம் தேதி நான் தொலைநோக்கியை வைப்பேன். ஒரு நேரத்தைப் பிடிப்பேன். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, ஆனாலும் பிடிப்பேன். வருவதாக இருந்தால் மெலாவத்தி குன்றில் குரங்குகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். போன வருஷம் ஜனார்த்தனனின் மூக்குக்கண்ணாடியைக் கொண்டுபோனது அங்கேதான். நிலாவின் இருட்டுப் பக்கம் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும், அந்த விளிம்பைப் பாருங்கள். நட்சத்திரம் அதை நெருங்குவதைப் பார்த்தால் உங்கள் கை துடிக்கும். துடிக்கட்டும். அடக்கிவைக்காதீர்கள். அடக்கினால் கணக்கு கெட்டுவிடும்.

என் ஸ்டாப்வாட்ச் உங்களிடமே இருக்கட்டும். அங்கே தேவைப்படலாம்.

பிரேமளா அக்கா

———

அசாம் ஜாவா
ஏப்ரல் 5

19ஆம் தேதி மேற்கு நிலையத்தில் ஆள் இருக்கும். கல்யாணத்துக்குச் சன்னாசி போகிறான். காரணம் பிறகு.

உ.

———

கலும்பாங்
ஏப்ரல் 21

தம்பி,

நேற்று ஜனார்த்தனன் வீட்டில் கணக்கைப் போட்டோம். நீங்கள் பட்டறையை மூட முடியாது என்று சொல்லிவிட்டதால் உங்களுக்கு முதலில் நானே எழுதுகிறேன். அவர் அலைபேசியில் சொல்கிறேன் என்றார், நான்தான் கூடாது என்று தடுத்துவிட்டேன்.

அன்று மாலை ஐந்து மணிக்கு இங்கே மழை. மழை என்றால் கொட்டு மழை. தனேஸ்வரி குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நான் தொலைநோக்கியின் மேல் என் மழைக்கோட்டைப் போர்த்திவிட்டு நனைந்துகொண்டு நின்றேன். அழுகையே வந்துவிட்டது. சூரியன் விழுந்த பிறகு மேற்கே செம்பனை மரங்களுக்கு மேல் ஒரு கிழிசல் விழுந்தது. அதற்குள் பிறை. நட்சத்திரம் அந்தச் சாம்பல் விளிம்பை ஒட்டி, ஒட்டி, மறைந்தது. நான் என் வழக்கப்படி, நிச்சயமாக மறைந்துதானா என்று யோசித்துவிட்டு அமுக்கினேன்.

நிலாவின் நிழல் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும், ஆகவே உங்களிடம் முதலில், என்னிடம் பிறகு. இரண்டு நேரத்தையும் அப்படியே வைத்துக் கணக்குப் போட்டபோது நிலா பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் மேலே கிட்டே வந்துவிட்டது. ஜனார்த்தனன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இருங்க சார்" என்று சொல்லி, உங்கள் நேரத்தோடு உங்கள் கழித்தலைக் கூட்டினேன், என் நேரத்திலிருந்து என் கூட்டலைக் கழித்தேன். திரும்பப் போட்டோம். நிலா நகர்ந்து போய்க் கிட்டத்தட்ட அதன் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. புத்தகத்தில் இருக்கும் தூரத்துக்கும் நம்முடையதற்கும் நூற்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலேதான் வித்தியாசம். முழங்கால் வலியை மறந்து குதித்தேன். ஓர் உறுமிக்காரரும் ஓர் எண்ணெய்க்காரியும், ஒரு கப்சாய் சக்கரமும்!

அறிக்கையில் நம் இரண்டு பிழைகளையும் பெயர் போட்டே எழுதச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் முந்துவதும் நான் பிந்துவதும் வட்டத்தின் கோப்பில் என்றைக்கும் இருக்கும்.

காரணம் பிறகு என்று எழுதியிருந்தீர்களே? ஏன் மனசு மாறினீர்கள்? நான்தான் பங்குனி உத்திரத்துக்கு வரவே இல்லையே.

பிரேமளா அக்கா

———

அசாம் ஜாவா
ஏப்ரல் 28

பிரேமளா அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பட்டறையில் சத்தமாகப் படித்தேன். நிலா அதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்ற இடத்தில் தனபாலன் ஸ்பேனரைத் தூக்கி மேலே போட்டான். அது கீழே வந்து ஒரு வாடிக்கையாளரின் விளக்கை உடைத்துவிட்டது. புது விளக்கு மாட்டிக்கொடுத்தோம். நட்சத்திரச் செலவு என்று எழுதிக்கொண்டேன். கழித்தல் அண்ணன் என்று இனி யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன், பெருமையாகவே.

குன்றில் குரங்குகளும் தங்கள் பங்கைச் செய்தன. தொலைநோக்கியின் மூடியை ஒன்று கொண்டுபோனது. திரும்பக் கொடுக்கச் சொல்லி ஒரு வாழைப்பழத்தைக் காட்டினேன், பழத்தையும் கொண்டுபோனது. உங்கள் ஸ்டாப்வாட்சைக் கழுத்தில் கட்டியிருந்ததால் தப்பித்தது.

இப்போது காரணம்.

பங்குனி உத்திரத்தன்று சாமி கோவில் வாசலுக்குத் திரும்பி வந்ததும் கடைசிச் சுற்று அடித்தோம். பெரிய கூட்டம். எல்லாரும் எங்களோடு சேர்ந்து கை தட்டினார்கள். இது உங்களுக்குத் தெரியாது, உறுமிக்காரன் கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் கூட்டத்தின் கையைக் கேட்டுக்கொண்டேதான் இருப்பான். எங்கேயோ பின்னால், செருப்பு விடும் இடத்துப் பக்கம், ஒரு கை மட்டும் தாளத்தில் சேராமல் விழுந்துகொண்டே இருந்தது. யாரோ புது ஆள் என்று நினைத்தேன். ஆனால் புது ஆள் என்றால் ஒரு தடவை முந்தும், ஒரு தடவை பிந்தும். இது அப்படி இல்லை. ஒவ்வொரு தடவையும் பிந்தியது, ஒரே அளவு பிந்தியது. அடி விழுந்ததா, நிச்சயமாக விழுந்ததா என்று பார்த்துவிட்டுத் தட்டுகிற கை.

அடித்துக்கொண்டே சிரித்துவிட்டேன். சன்னாசி என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

தீர்மானம் வைத்தேன். உறுமி நின்றது, மேளம் நின்றது, கூட்டத்தின் கையெல்லாம் ஒன்றாக விழுந்து ஓய்ந்தது. வாசலே அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் தனியாக ஒரே ஒரு கைத்தட்டு.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அரை வினாடிக்கும் மேலே, அக்கா.

தம்பி
உடையப்பன்